இடது ஓரத்தைப் பார்க்கச் சொன்னது யார்?

இந்த மண்டபத்தின் மின்விசிறிகள் அனைத்தையும் தன் பக்கம் திருப்பிவைத்துக்கொண்டு, வியர்வை என்றால் என்ன என்று கேட்கும் குளிர்ச்சியோடு வீற்றிருக்கும் விழாத் தலைவர், இந்த ஆலையின் தலைவர், திரு. தாண்டவராயன் அவர்களே, மனிதவளம் என்ற அழகிய பெயரில் மனிதரை ஒரு பக்கமும் வளத்தை மறுபக்கமும் பிரித்துவைக்கும் அரும்பணியை அயராது ஆற்றிவரும் திரு. சக்திகுமார் அவர்களே, ‘கவனச் செம்மல்’ என்ற பட்டயத்தை இன்னும் சற்று நேரத்தில் பெறப்போகிற, அதற்கென்றே கஞ்சி போட்ட சட்டையில் அசையாமல் அமர்ந்திருக்கும் மேற்பார்வையாளர் ஜாக்சன் அண்ணன் அவர்களே, நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கவேண்டிய நேரத்தில், ‘வராவிட்டால் ஆப்சென்ட்’ என்ற அன்பான அழைப்பை ஏற்று வந்திருக்கும் தோழர்களே, தோழியரே, பிள்ளையை இடுப்பிலும் பசியை வயிற்றிலும் சுமந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே, வல்லக்கோட்டை முருகனைக் கும்பிட்டுவிட்டு வந்தவர்களே, மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தவர்களே, எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு பேரிடமும் சொல்லிவைத்துவிட்டு வந்த புத்திசாலிகளே, பின்வாசலில் பிரியாணி அண்டாவை விட்டுக் கண்ணை எடுக்காத பெரியோர்களே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

என் பெயர் ஐஸ்வர்யா. மண்ணூர். கம்பெனி பஸ் ஓட்டும் வெங்கடேசனின் மகள். உங்களில் பாதிப் பேரை ஷிப்டுக்கு ஏற்றிவந்து இறக்குகிறவர் என் அப்பா. நான் மூளை நரம்புகள் எப்படி வேலை செய்கின்றன என்று ஆராய்ச்சி செய்யும் மாணவி. இதை ஊரில் யாருக்கும் என்னால் விளங்கவைக்க முடியவில்லை. ‘நரம்பு டாக்டர்’ என்று என் அத்தை சொல்லிவைத்ததில், நான் விடுமுறைக்கு வந்தால் முட்டிவலிக்காரர்கள் எங்கள் வீட்டு வாசலில் வரிசையில் நிற்கிறார்கள்.

சக்திகுமார் சார் எனக்குப் போன் செய்தார். “மேடம், எங்க ஆளுங்களுக்குக் கவனமே பத்தல. பாதுகாப்பு வார விழா வருது. ‘கவனக்குறைவைக் களைவோம்’னு தலைப்பு. நம்ம ஊர்ப் பொண்ணு நீங்க வந்து நாலு நல்ல வார்த்தை சொல்லுங்க” என்றார். வருகிறேன் என்றேன். சொல்கிறேன் என்றேன். நல்ல வார்த்தை என்பதற்கு மட்டும் நான் ஒப்புக்கொண்டதாக நினைவில்லை.

பேச்சுக்கு முன்னால் ஒரு சின்ன விளையாட்டு. மேடையில் இருப்பவர்களுக்கு மட்டும். கீழே இருப்பவர்கள் சும்மா வேடிக்கை பாருங்கள். சும்மா பார்ப்பதற்கு உங்களுக்கு வருடத்தில் கிடைப்பது இந்த ஒரு நாள்தான். இதோ, என் வலக்கையில் ஒரு வெள்ளைக் கைக்குட்டை. பேச்சின் நடுவே எப்போதாவது இதை இடக்கைக்கு மாற்றுவேன். மாற்றியவுடன் மேடைப் பெரியோர்கள் ஒரு தட்டு தட்ட வேண்டும். மறுபடி வலக்கைக்கு வந்தால் மறுபடி ஒரு தட்டு. தவறவிட்டவர் பெயரை இந்த மைக்கில் அறிவிப்பேன். பயப்படாதீர்கள், மெமோ கிடையாது. தலைவரே, சம்மதமா? தலையாட்டிவிட்டார். இதோ மாற்றினேன். ஆகா, மூன்று பேரும் ஒன்றாகத் தட்டினீர்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

ஷெர்லின். இந்தப் பெயர் இங்கே எல்லோருக்கும் தெரியும். போன வாரம் வரை தெரியாதவர்களுக்கும் நோட்டீஸ் போர்டைப் பார்த்துத் தெரிந்திருக்கும். எங்கள் மண்ணூர்ப் பெண். இந்த ஆலையில் பயிற்சித் தொழிலாளி. கார் பம்பர் சோதிக்கும் வேலை. அது என்ன வேலை என்று வெளியூரிலிருந்து வந்த விருந்தினர்களுக்காகச் சொல்கிறேன். பெயிண்ட் அடித்து உலர்ந்து வரும் பம்பர், இருபுறமும் டியூப்லைட் எரியும் ஒரு கூண்டுக்குள் நுழைகிறது. அங்கே மஞ்சள் கோட்டும் வெள்ளைக் கையுறையுமாக ஒரு பெண் நிற்கிறாள். பம்பர் நிற்காது, அவள்தான் நிற்க வேண்டும். தூசி இருக்கிறதா, கீறல் இருக்கிறதா, பெயிண்ட் வழிந்த கோடு இருக்கிறதா என்று பார்த்து, அடுத்தது வந்து முட்டுவதற்குள் முடிவு சொல்ல வேண்டும். காலையில் தொடங்கினால், ஓவர்டைம் இருந்தால், இருட்டும் வரை.

என்ன அங்கே சிரிப்பு? தாய்மார்களே, சிரிக்கும்படி நான் இன்னும் எதுவும் சொல்லவில்லையே. வாயைப் பொத்திக்கொள்ளுங்கள். விளையாட்டைக் கெடுக்காதீர்கள். இதோ, கை மாற்றினேன். தலைவர் தட்டிவிட்டார். சக்திகுமார் சார் தட்டிவிட்டார். ஜாக்சன் அண்ணன் ஒரு நொடி தாமதம், மன்னித்தேன். இளநீரைக் கீழே வைத்துவிட்டுத் தட்டுங்கள் தலைவரே, சட்டையில் சிந்தப்போகிறது.

கதைக்கு வருகிறேன். கொஞ்ச நாள் முன்பு கார் கம்பெனியிலிருந்து ஒரு பம்பர் திரும்பி வந்தது. இடது கீழ் ஓரத்தில் ஒரு தூசி. உடனே இந்த வட்டாரத்தின் எல்லா ஆலைகளிலும் நடக்கும் அந்தச் சடங்கு இங்கேயும் நடந்தது. தூசியைப் போட்டோ எடுத்தார்கள். சிவப்பில் வட்டம் போட்டார்கள். மேலே ‘குவாலிட்டி அலர்ட்’ என்று எழுதினார்கள். கூண்டுக்குள், சோதிக்கும் பெண்ணின் கண்ணுக்கு நேரே ஒட்டினார்கள். அதோடு விட்டார்களா? ஒவ்வொரு ஷிப்ட் தொடங்கும்போதும் எல்லோரையும் வட்டமாக நிறுத்தி, “இன்னா பாக்கணும்?” என்று கேட்பது, “லெப்ட் ஓரம்” என்று எல்லோரும் சேர்ந்து பதில் சொல்வது. பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொன்ன மாதிரி. பிறகு நாள் முழுக்கக் கூண்டுக்குப் பின்னால் ஒரு குரல். ஜாக்சன் அண்ணா, உங்கள் குரல்தான், கோபித்துக்கொள்ளாதீர்கள். “ஓரத்த பாரு. ஓரத்த வுட்டு கண்ண எடுத்த, அவ்ளோதான் நீ.”

அவள் பார்த்தாள். ஓரத்தையே பார்த்தாள். உயிரைக் கொடுத்துப் பார்த்தாள். அடுத்த வாரமே ஒரு பம்பரில், வலது பக்கம், ஃபாக் லேம்ப் துளைக்கு மேலே, பெயிண்ட் வழிந்து விரல் நீளத்துக்கு ஒரு கோடு. கூண்டைத் தாண்டி, கேட்டைத் தாண்டி, லாரி ஏறிக் கார் கம்பெனி வரைக்கும் போய்விட்டது. அங்கே உற்பத்தி லைனே நின்றது. இங்கே போன் அலறியது. ஷெர்லினுக்கு மெமோ: ‘கடமையில் கவனக்குறைவு.’ சஸ்பென்ஷன். நாளைக் காலை விசாரணை. நாளை மாலைக்குள் அவளுக்கு இங்கே வேலை இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். வேலை போனால் போகட்டும், வேறு ஆலை இல்லையா என்று கேட்பீர்கள். ‘கவனக்குறைவு’ என்ற முத்திரையோடு சோதிக்கும் பெண் ஒருத்தி வெளியே போனால், அவள் பஸ் பிடிப்பதற்கு முன்னால் அந்தச் சொல் பஸ் பிடித்து மறைமலை நகர் போய்ச் சேர்ந்துவிடும். எந்தக் கேட்டும் திறக்காது.

மெமோ வந்த மறுநாள், ஷேர் ஆட்டோவில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டாள். “அக்கா, நான் பாத்துக்கினுதான் இருந்தேன். கண்ண மூடல, போன நோண்டல, பக்கத்துல பேசல. கோடு அம்மாம் பெருசு கீது. அது என் கண்ணு முன்னாலதான் போயிருக்குது. ஆனா எனக்குத் தெரியவே இல்ல. அது எப்படிக்கா?”

கேட்டீர்களா கேள்வியை? நான் படித்த படிப்பெல்லாம் இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்வதற்குத்தான். ஆனால் அவளுக்கு வந்த மெமோவில் இந்தக் கேள்வி இல்லை. ‘ஏன் கவனிக்கவில்லை’ என்று கேட்டார்கள். ‘எதைக் கவனித்துக்கொண்டிருந்தாய்’ என்று யாராவது கேட்டார்களா? கேட்கவில்லை. கேட்டால் பதில் சுவரில் ஒட்டியிருக்கிறதே.

இப்போது அறிவியல். கொட்டாவி விடாதீர்கள், சீக்கிரம் முடித்துவிடுவேன். பிரியாணி ஆறாது, நானும் அதற்குத்தான் வந்திருக்கிறேன்.

நாம் என்ன நினைக்கிறோம்? கண் என்பது கேமரா, திறந்திருந்தால் எல்லாம் உள்ளே போய்விடும் என்று நினைக்கிறோம். தவறு. கண்ணுக்குள் விழுவது வேறு, உள்ளே போய்ச் சேர்வது வேறு. தலையின் பின்பக்கத்தில் பார்வைக்கென்றே கோடிக்கணக்கான நரம்பணுக்கள் இருக்கின்றன. ஒவ்வொரு அணுவுக்கும் ஒரு சின்ன ஜன்னல். உலகத்தில் அந்த ஜன்னலுக்குள் வருவதை மட்டும் அது பார்க்கும், பார்த்ததும் துடிக்கும். அந்தத் துடிப்பை மெல்லிய கம்பி வழியே எடுத்து ஒலிபெருக்கியில் கேட்கலாம். ஆய்வுக்கூடத்தில் நான் கேட்டிருக்கிறேன். சட்டியில் கடலை பொரிகிற சத்தம் மாதிரியே இருக்கும். பட், பட்பட், பட்.

ஒரு குரங்கைப் பழக்குவார்கள். திரையின் நடுவில் ஒரு புள்ளி. கண்ணை அதிலிருந்து எடுக்கக் கூடாது. ஒரு பக்கம் ஒரு கோட்டுப் படம், மறுபக்கம் இன்னொன்று. கண்ணை அசைக்காமலே, இந்தப் பக்கத்தில் மாற்றம் வந்தால் சொல், பழச்சாறு தருகிறேன் என்பார்கள். குரங்கு அந்தப் பக்கத்தின் மேல் மனதை வைக்கும். வைத்தவுடன், அந்தப் பக்கத்து ஜன்னலுக்குரிய அணு படபடவென்று கூடுதலாகத் துடிக்கும். மனதை மறுபக்கம் வை என்றால், இது தணிந்துவிடும், அது எழும். யோசித்துப் பாருங்கள். படம் மாறியதா? இல்லை. வெளிச்சம் மாறியதா? இல்லை. கண் அசைந்ததா? அசையவில்லை. மாறியது ஒன்றே ஒன்று: அக்கறை. அக்கறை மாறினால் அணுவின் துடிப்பே மாறுகிறது.

இன்னொன்று கேளுங்கள், இதுதான் முக்கியம். ஒரே ஜன்னலுக்குள் இரண்டு பொருள்கள் இருந்தால்? எதன் மேல் அக்கறை இருக்கிறதோ, அது மட்டும்தான் அங்கே இருப்பது போல அந்த அணு நடந்துகொள்ளும். மற்றது கண் முன்னால்தான் இருக்கும். ஆனால் அணுவின் கணக்கில் அது ஏறக்குறைய இல்லாத பொருள்.

புரியவில்லையா? தலைவர் பக்கத்தில் நிற்கும் மின்விசிறியைப் பாருங்கள். சுற்றுவதற்கு என்று செய்த விசிறி. யாரோ குமிழைத் தூக்கிப் பூட்டிவைத்திருக்கிறார்கள். காற்று முழுக்க அவருக்கு. முன்வரிசையில், ஷெர்லினைப் போலவே கூண்டில் நிற்கும் ராஜம்மா அக்கா அழைப்பிதழால் விசிறிக்கொண்டிருக்கிறார். விசிறியின் மேல் குற்றமா? அதனிடம் இருப்பது இவ்வளவு காற்றுதான். ஒரு பக்கம் பூட்டினால் மறுபக்கம் வியர்க்கும். கவனமும் அப்படித்தான். அது ஒழுக்கம் அல்ல, பக்தி அல்ல, நல்ல பிள்ளைக்கு அடையாளம் அல்ல. அது ஒரு அளவான காற்று. இடது ஓரத்துக்கு என்று குமிழைப் பூட்டியது யார்? வலது பக்கம் வியர்த்தபோது மெமோ கொடுத்தது யார்?

ஷெர்லினின் மூளை தூங்கவில்லை, ஐயா. நீங்கள் சொன்னதைச் செய்தது. சொன்னதற்கு மேலேயே செய்தது. இடது ஓரத்துக்குரிய அணுக்கள் எழுந்து நின்றன, வலது பக்கத்து அணுக்கள் தணிந்தன. அதுவும் ஓவர்டைமில், ஆயிரம் நல்ல பம்பருக்கு நடுவே எப்போதோ ஒரு கெட்டது வரும் வேலையில். அரிதாக வருவதைத் தவறவிடுவது மனிதக் கண்ணின் இயல்பு என்று எத்தனையோ ஆய்வுகள் சொல்லிவிட்டன. அவளிடம் குறை இருந்தது கவனத்தில் அல்ல. அவள் கீழ்ப்படிந்தாள், அதுதான் குறை. கொஞ்சம் சொன்னபேச்சு கேட்காதவளாக இருந்திருந்தால் அந்தக் கோட்டைப் பார்த்திருப்பாள்.

கை மாற்றினேன். மூன்று தட்டு. அருமை. ஒருவர் கூடத் தவறவிடவில்லை. பின்வரிசை எதற்கு இப்படி விழுந்து விழுந்து சிரிக்கிறது என்று ஜாக்சன் அண்ணன் யோசிப்பது தெரிகிறது. விளையாட்டு முடிந்தது, அண்ணா. கைக்குட்டையை மடித்து வைத்துவிட்டேன். தலைவரே, இனி நீங்கள் என் கையைப் பார்க்க வேண்டாம். ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். உங்கள் முன்னால் இருக்கும் இளநீரைக் கொண்டுவந்து வைத்தது யார்?

யோசிக்கிறார். “கேட்டரிங் பொண்ணு” என்கிறார். சக்திகுமார் சார்? அவரும் அதேதான். ஜாக்சன் அண்ணா, நீங்கள்? கவனிக்கவில்லையா? சரி. மூன்று பேரும் தயவுசெய்து உங்கள் வரிசையின் கடைசி நாற்காலியைத் திரும்பிப் பாருங்கள். வரவேண்டிய விருந்தினர் வராததால் காலியாக இருந்த நாற்காலி.

பார்த்தீர்களா? மஞ்சள் கோட்டு. உங்கள் ஆலையின் கோட்டு. இந்த மேடையில் உங்கள் முகத்துக்கு நேரே நடந்துவந்து, உங்கள் கைக்கு எட்டும் தூரத்தில் இளநீரை வைத்து, அவளைப் பற்றியே நான் பேசிக்கொண்டிருந்த நேரம் முழுக்க உங்கள் வரிசையிலேயே உட்கார்ந்திருக்கிறாள் ஷெர்லின். ஆலைக் கேட்டுக்குள் வரத்தான் அவளுக்குத் தடை. இது கல்யாண மண்டபம். கீழே இருந்த பச்சைக் குழந்தை கூடப் பார்த்துச் சிரித்தது. தினமும் அவள் முதுகுக்குப் பின்னால் நிற்கும் ஜாக்சன் அண்ணன் பார்க்கவில்லை. அவள் மெமோவில் கையெழுத்துப் போட்டவர் பார்க்கவில்லை.

கோபப்படாதீர்கள். நீங்கள் பராக்குப் பார்க்கவில்லை. நான் சொன்னதைத்தான் பார்த்தீர்கள். கைக்குட்டையை விட்டுக் கண்ணை எடுத்தால் பெயரை அறிவிப்பேன் என்றேன், நீங்கள் எடுக்கவில்லை. அவ்வளவுதான் நடந்தது. உங்களுக்குச் சிரிப்பு வருகிறது, கொஞ்சம் வெட்கமாகவும் இருக்கிறது. அவளுக்கு வேலை போகிறது. வேறு என்ன வித்தியாசம்? இப்போது நான் உங்களுக்கு ஒரு மெமோ எழுதட்டுமா? ‘மேடையில் கவனக்குறைவு’ என்று எழுதி, மண்டபத்து வாசலில் ஒட்டட்டுமா?

தலைவர் ஏதோ கேட்கிறார். என்னிடம் இல்லை, ஜாக்சன் அண்ணனிடம். பின்வரிசைக்குக் கேட்காது, நான் சொல்கிறேன். “அந்தத் தாள ஒட்டச் சொன்னது யாரு?” என்கிறார். ஜாக்சன் அண்ணன் எழுந்து நின்றுவிட்டார். “நீங்கதான் சார். மெயில் போட்டீங்க” என்கிறார். சிரிக்காதீர்கள். இந்த மேடையில் முதன்முதலாக ஒருவர் தான் பார்த்ததைச் சொல்லியிருக்கிறார். அதற்குக் கைதட்டுங்கள்.

தாய்மார்களே, தோழர்களே, தட்டியது போதும். இனி நான் பேசப்போவது உங்களைப் பற்றி. மேலே இருப்பவர்களைக் கிண்டல் செய்துவிட்டுப் பிரியாணிக்குப் போய்விடுவேன் என்று நினைத்தீர்களா? நாளை விசாரணையில் கூண்டுப் பெண்கள் எல்லோரும் ஒரே வாக்கியத்தைச் சொல்லவேண்டும் என்று உங்களிடம் பேசிவைத்திருக்கிறார்கள். ‘ஷெர்லின் பராக்குப் பார்த்துக்கொண்டிருந்தாள்.’ தெரியும் எனக்கு. தலையாட்டியிருக்கிறீர்கள். எல்லோரும் ஆட்டுகிறார்கள், நாமும் ஆட்டுவோம் என்று ஆட்டியிருக்கிறீர்கள்.

மூளையிலிருந்து கடைசியாக ஒரு செய்தி சொல்கிறேன். கவனம் வந்தால் அணுக்கள் கூடுதலாகத் துடிக்கும் என்றேன் அல்லவா? பார்வை கூர்மையாவதற்கு அது மட்டும் காரணம் அல்ல, அது சின்னக் காரணம். கவனம் இல்லாதபோது பக்கத்து அணுக்களின் துடிப்பெல்லாம் கூட்டமாக ஏறும், கூட்டமாக இறங்கும். ஒன்று தப்பினால் எல்லாம் சேர்ந்து தப்பும். கவனம் வந்தவுடன் அந்த மொத்தத் தலையாட்டல் குறைகிறது. ஒவ்வொரு அணுவும் தான் பார்த்ததைத் தன் போக்கில் சொல்கிறது. அந்தக் கூர்மையில் பெரும்பங்கு இதனால்தான் என்று அளந்து பார்த்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். புரிகிறதா? நீங்கள் கத்தவேண்டாம். கல்லெறிய வேண்டாம். கேட்டை மறிக்கவும் நான் சொல்லவில்லை. ஒன்றாகத் தலையாட்டுவதை நிறுத்துங்கள். நூறு பேர் ஒரே பொய்யைச் சொன்னால் அது ஒரு ஆள் சொன்ன பொய்தான். ஒவ்வொருவரும் தான் பார்த்ததைச் சொன்னால், எவ்வளவு பெரிய ஆலைக்கும் கண் திறக்கும்.

ராஜம்மா அக்கா எழுந்திருக்கிறார். சொல்லுங்கள் அக்கா. மைக்கைக் கொடுங்கள் அவரிடம்.

“நாங்களும் அந்த ஓரத்ததான் சார் பாத்துக்கினு இருந்தோம். அவ எடத்துல நான் நின்னிருந்தாலும் அந்தக் கோடு தாண்டிதான் போயிருக்கும். அவ பராக்கு பாக்கல. நாளிக்கும் இதத்தான் சொல்லுவேன்.”

கேட்டீர்களா? இது தலையாட்டல் அல்ல. இது கண்.

தலைவர் எழுந்துவிட்டார். வெளியே போகிறாரோ என்று பயந்தேன். இல்லை, கடைசி நாற்காலிப் பக்கம் போகிறார். எல்லோரும் அமைதியாக இருங்கள். “உன் பேர் என்னம்மா?” என்று கேட்கிறார். மெமோவில் எழுதிய பெயர்தான், ஐயா. அவளே பதில் சொல்கிறாள். “கோட்டு மேலயே பேரு எழுதி கீது சார். பாருங்க” என்கிறாள்.

பார்க்கிறார். குனிந்து, கண்ணாடியைச் சரிசெய்து, எழுத்துக் கூட்டிப் படிக்கிறார். தலைவரே, இப்போது உங்கள் தலைக்குள் சில அணுக்கள் எழுந்து துடிக்கின்றன. அவை இத்தனை நாளும் அங்கேதான் இருந்தன. யாரும் அவற்றைக் கூப்பிடவில்லை, அவ்வளவுதான்.

என்ன சொல்கிறார்? “நாளையிலிருந்து வேலைக்கு வரட்டும். விசாரணை மேஜையில் அந்த அலர்ட் தாளும் இருக்கட்டும்” என்கிறார். சக்திகுமார் சார் குறித்துக்கொள்கிறார். விசாரணை நிற்கவில்லை, ஆகவே இது வெற்றி என்று யாரும் விசில் அடிக்க வேண்டாம். பாதி வழி வந்திருக்கிறோம். மீதிப் பாதி நாளைக் காலை உங்கள் வாயில் இருக்கிறது. சொல்லிக்கொடுத்த வாக்கியத்தை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும், பொறுமை இல்லாமலும் கேட்டுத்தான் ஆகவேண்டியிருந்த மேடைப் பெரியோர்களுக்கும், இவ்வளவு நேரம் மைக்கை அணைக்காமல் விட்ட ஒலிபெருக்கித் தம்பிக்கும், ‘சீக்கிரம் முடி’ என்று வாசலில் நின்று சைகை காட்டும் பஸ் ஓட்டுநர் வெங்கடேசன் அவர்களுக்கும் என் நன்றி. பட்டயத்தை நீங்கள் தாராளமாக வாங்கிக்கொள்ளுங்கள், ஜாக்சன் அண்ணா, உண்மையைச் சொன்னதற்காக. ஆனால் அதற்கு முன்னால் அந்த மின்விசிறியின் குமிழைக் கொஞ்சம் அழுத்திவிடுங்கள். சுற்றட்டும். ராஜம்மா அக்காவுக்கு வியர்க்கிறது.

எல்லோருக்கும் வணக்கம்.